வழியில் வந்தால் எட்டிப் பாருங்கள்

சிக்னி ட்வெய்ட் எங்கள் அலுவலகத்துக்குத் தொலைபேசியில் கூப்பிட்டபோது மதியச் சாப்பாட்டு நேரம் முடிந்திருந்தது.

"ஒண்ணும் அவசரமில்ல வெர்னா," என்றாள். "யாராவது இந்தப் பக்கம் வந்தீங்கன்னா அப்படியே எட்டிப் பாத்துட்டுப் போங்க. ஆர்வின் சாப்பிட்டுட்டு மாட்டுக் கொட்டகைக்குப் போனாரு. துப்பாக்கியையும் எடுத்துட்டுப் போயிருக்காரு. மத்தபடி நல்லாத்தான் இருக்காரு."

ஆர்வின் அவள் கணவர். அந்தக் கொட்டகையில் மாடுகள் இல்லை. போன வாரம்தான் ஏலக்காரர்களின் லாரிகள் வந்து கடைசிக் கன்றுக்குட்டி வரை ஏற்றிக்கொண்டு போயிருந்தன. மின்னசோட்டா மாநிலத்தின் இந்த வடமேற்கு மூலையில் ஒரு பெண் "ஒண்ணும் அவசரமில்ல" என்று சொன்னால் கூரை எரிகிறது என்று பொருள். "மத்தபடி நல்லாத்தான் இருக்காரு" என்று சேர்த்துக்கொண்டால் கூரை விழுந்துவிட்டது.

மாவட்டத்தின் நடமாடும் மனநல நெருக்கடிக் குழுவில் நான் பாதி. மறுபாதியான ராஜர் காய்ச்சலில் படுத்திருந்தான். இரண்டு பேர் இல்லாமல் வண்டி கிளம்பக் கூடாது என்பது விதி. நான் கோட்டை மாட்டிக்கொண்டு நடைவழியில் நின்று, "யாராவது ஒருத்தர் வாங்க!" என்று கத்தினேன். வந்தவர் எங்கள் இயக்குநர் லைல் எங்கப்ரெட்சன். கையில் டேப்லெட். மார்பில் தன் பெயரும் பதவியும் தங்க நூலில் தைத்த புது ஜாக்கெட். பதவியின் பெயர் நீளமானதால் தையல் அக்குள் வரைக்கும் போயிருந்தது.

"நான் இருக்கேன் வெர்னா. களத்துல நம்ம முறை எப்படி வேலை செய்யுதுன்னு நேர்ல பாக்க இதைவிட நல்ல சந்தர்ப்பம் கிடைக்காது."

வண்டியைப் பற்றியும் சொல்ல வேண்டும். மாநில மானியத்தில் வாங்கிய நீல நிற வேன். இரண்டு பக்கமும் ஆள் உயரத்துக்கு எழுத்து: "மனநல நெருக்கடியா? இதோ வந்துவிட்டோம்!" எழுதியது லைலின் யோசனை. அண்டை வீட்டுக்காரன் புது அறுவடை இயந்திரத்தை ரொக்கத்துக்கு வாங்கினானா, கடனில் வாங்கினானா என்று தொலைநோக்கி வைத்துப் பார்க்கிற ஊர் இது. இங்கே அந்த வேன் வாசலில் நிற்பதைவிட வீடே இடிந்து விழலாம் என்று நினைத்தார்கள் ஜனங்கள். வேன் வந்த பிறகு எங்களுக்கு வரும் அழைப்புகள் பாதியாகக் குறைந்தன. மாவட்ட மக்களின் மனநலம் பாதிக்குப் பாதி முன்னேறிவிட்டது என்று லைல் மேலிடத்துக்கு அறிக்கை அனுப்பினார். மேலிடம் கேடயம் கொடுத்தது.

வேனை நான் ஓட்டினேன். பனி உருகிச் சேறாகிக் கிடந்த மார்ச் மாதச் சாலை. வேகமானியைப் பார்க்கவில்லை, பார்த்தால் குறைக்கத் தோன்றும். இரண்டு இருக்கைக்கும் நடுவே என் டப்பாவில் பேரீச்சம்பழ பார், நான் வீட்டில் சுட்ட இனிப்புத் துண்டுகள், இருந்தன. லைலின் கண் அவற்றின்மேல் விழுவதைப் பார்த்து, பழக்க தோஷத்தில், "எடுத்துக்குங்க," என்றேன்.

"சே சே, வேண்டாம்," என்றார். "நான் சொல்றதைக் கேளுங்க. அங்க போனதும் நீங்க ஊர்க் கதை பேச ஆரம்பிச்சுடாதீங்க. நான் பயிற்சிக்குப் பறந்து போனேனே, அரிசோனாவுல அந்தக் கம்பெனிக்காரங்க எவ்வளவு ஆராய்ச்சி பண்ணி இந்த டேப்லெட்ல இருக்கிறதைக் கண்டுபிடிச்சிருக்காங்க தெரியுமா? ஒரே கேள்வி முறை. சேவை வேணுமான்னு ஒரே ஒரு தடவை, தெளிவாக் கேக்கணும். வேண்டாம்னா வேண்டாம்தான். அவங்க முடிவை நாம மதிக்கணும்."

"சரி. ஒண்ணாவது எடுத்துக்குங்க."

"ஐயோ, நீங்க உங்களுக்குன்னு கொண்டு வந்தது. வேண்டாம். திரும்பத் திரும்பக் கேக்கிறது ஒரு மாதிரி வற்புறுத்தல், வெர்னா. நாகரிகமில்லாத விஷயம்."

"நிறையத்தான் இருக்கு, லைல்."

"அப்படியா? சரி, நீங்க இவ்வளவு சொல்றதால..." இரண்டு எடுத்துக்கொண்டார். "வேண்டாம்னு ஒருத்தர் சொன்னா அதுக்கு ஒரே அர்த்தம்தான்," என்றார் வாய் நிறைய.

அவர் பிறந்தது ட்வெய்ட் பண்ணையிலிருந்து கூப்பிடு தூரத்தில். அவரும் நானும் ஒரே தேவாலயத்தின் நிலவறையில், கோப்பையின் அடி தெரிகிற காபியை இரண்டு தடவை மறுத்து மூன்றாம் தடவை வாங்கிக் குடித்து வளர்ந்தவர்கள். அரிசோனாவில் அது தெரிய நியாயமில்லை. லைலுக்கு எப்படி மறந்தது என்பதுதான் எனக்கு விளங்கவில்லை. விமானப் பயணத்தில் காதடைக்கும் என்பார்கள். அவருக்கு வேறு ஏதோ அடைத்துவிட்டது போலும்.

சிக்னி சமையலறைக் கதவைத் திறந்துகொண்டு நின்றாள். "வாங்க வாங்க. காபி போட்டிருக்கேன்." சொல்லும்போதே அவள் கண் கொட்டகைப் பக்கம் போனது.

"சத்தம் ஏதாவது கேட்டுதா சிக்னி?"

"இல்ல."

"உன் தம்பி எரிக்கைக் கூப்பிடு. இங்க வரச் சொல்லு."

"அவனுக்கு ஏதாவது வேலை இருக்கும்..."

"இப்பவே கூப்பிடு. நீ உள்ளேயே இரு. வெளிய வராதே."

நான் திரும்புவதற்குள் லைல் முற்றத்தைத் தாண்டியிருந்தார். கொட்டகைக் கதவுக்குப் பக்கத்தில், சுவரை ஒட்டி நின்று, டேப்லெட்டைக் கண்ணுக்கு நேராகப் பிடித்து, தேவாலயத்தில் வேத வசனம் வாசிக்கிற குரலில் ஆரம்பித்துவிட்டார்.

"ஆர்வின் ட்வெய்ட் அவர்களே! நான் மாவட்ட நடத்தை நலத்துறை இயக்குநர். தங்களிடம் ஆயுதம் உள்ளதா?"

உள்ளிருந்து சாவகாசமான குரல் வந்தது. "இருக்குப்பா."

லைல் திரையில் ஒரு கட்டத்தைத் தொட்டார். "எங்கள் சேவையைத் தாங்கள் இன்று ஏற்க விரும்புகிறீர்களா?"

"அட, வேண்டாம்ப்பா. உங்களுக்கு எதுக்குச் சிரமம்? வேற யாருக்காவது தேவையா இருக்கும், அவங்களைப் போய்ப் பாருங்க."

"லைல், தொடாதீங்க!" என்றேன். தொட்டுவிட்டார்.

டேப்லெட் குருவி மாதிரி கீச்சிட்டது. திரையில் ஒரு மஞ்சள் முகம் சிரித்தது. *சேவை மறுக்கப்பட்டது. ஆயுதம் உள்ளது. காவல்துறைக்குத் தகவல் சென்றுவிட்டது. நல்ல நாளாகட்டும்!*

அவர் கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு தானியக் கிடங்கின் மறைவுக்குப் போனேன். "ரத்து பண்ணுங்க."

"அது... என்னால முடியாது. கம்பெனிதான் பண்ணணும்."

"கம்பெனியைக் கூப்பிடுங்க."

கூப்பிட்டார். காத்திருக்கச் சொல்லிப் பாட்டு ஓடியது. நான் மாவட்டப் போலீசான ஷெரீஃப் அலுவலகத்தைக் கூப்பிட்டேன். தானாக வந்த எச்சரிக்கையை நிறுத்த ரத்து எண் வேண்டும் என்றார்கள். ரத்து எண் அரிசோனாவில் இருந்தது. அரிசோனாவில் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. துணை ஷெரீஃப் டுவேன் ஏற்கெனவே கிளம்பிவிட்டான், பக்கத்தில்தான் இருந்திருக்கிறான் என்றும் சொன்னார்கள்.

"லைல், ஒரு போலீஸ் வண்டி சைரனோட இந்த முற்றத்துக்குள்ள வந்தா அந்த மனுஷன் என்ன நினைப்பாரு? ஊரே பாக்க ஜெயிலுக்குக் கொண்டு போறாங்கன்னு நினைப்பாரு. அப்புறம் அவருக்கு யோசிக்க ஒண்ணும் இருக்காது."

லைலின் முகத்தில் இயக்குநர் மறைந்து, ஒரு பண்ணை வீட்டுப் பையன் எட்டிப் பார்த்தான். "நான் என்ன செய்யணும்?"

"வேனை எடுத்துட்டுப் போய் ரோட்டு முனையில குறுக்க நிறுத்துங்க. டுவேனை உள்ள விடாதீங்க."

பதில் சொல்லாமல் ஓடினார். அவர் பதில் சொல்லாமல் ஒரு காரியம் செய்து நான் பார்த்தது அதுதான் முதல் தடவை. பிறகு ஆண்டறிக்கையில் இதை "சுற்றுவட்ட மேலாண்மை உத்தி" என்று எழுதினார். அது இருக்கட்டும்.

கொட்டகையின் பக்கவாட்டில் பால் சேமிக்கிற அறை உண்டு. அதற்குள் நுழைந்து, எஃகுப் பால் தொட்டிக்குப் பின்னால் நின்றேன். ஆயுதம் உள்ளவரிடம் தடுப்புக்குப் பின்னாலிருந்து பேச வேண்டும் என்பது அரிசோனாக்காரர்கள் சொன்னவற்றுள் நான் முழுமனதோடு ஏற்றுக்கொண்ட ஒன்று. திறந்திருந்த உள்கதவு வழியாக ஆர்வின் தெரிந்தார். கழுவிக் காய்ந்த சிமென்டுத் தரையில் ஒரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்திருந்தார். இரண்டு பக்கமும் காலிக் கட்டுத்தறிகள். துப்பாக்கி மடியில் குறுக்காகக் கிடந்தது. கை அதன்மேல், தூங்குகிற பூனைமேல் வைத்தது போல இருந்தது.

"யாரு, வெர்னாவா?"

"ஆமா ஆர்வின்."

"ரோடு எப்படி இருக்கு?"

"ஒரே சேறு."

"இருக்கும். இந்த வருஷம் சீக்கிரம் உருகிடுச்சு."

"கீழ் வயல்ல தண்ணி நிக்குதே?"

"நிக்கட்டும்." காலிக் கட்டுத்தறிகளைப் பார்த்தபடி, "நல்ல விலைக்குத்தான் போச்சு, எல்லாம். குறை சொல்ல முடியாது," என்றார்.

உடனே கேட்டுவிடத் தோன்றியது. ஆனால் அவசரப்படக் கூடாது. இங்கே இரண்டாவது தடவை கேட்பதற்கு ஒரு இடைவெளி உண்டு. சீக்கிரம் கேட்டால் உபசாரம், தாமதித்துக் கேட்டால் மறந்துபோன உபசாரம். "நான் டவுனுக்குத்தான் போறேன் ஆர்வின்," என்றேன். "டாக்டரம்மா இருப்பாங்க. கூட வாங்களேன், பேசிட்டு வந்துடலாம்."

"வேண்டாம் வெர்னா. உனக்கு ஆயிரம் வேலை."

லைல் கேட்டதோடு சேர்த்து இரண்டு ஆயிற்று. அப்போது தூரத்தில் சைரன் கேட்டது.

ஆர்வினின் தலை நிமிர்ந்தது. மடியில் இருந்த கை நகர்ந்தது. "யாரைக் கூப்பிட்டீங்க?"

பொய் சொல்ல வாய் திறந்தேன். வரவில்லை. "நாங்க கூப்பிடல. லைலோட மெஷின் கூப்பிட்டுடுச்சு."

"லைலா? எங்கப்ரெட்சன் பையனா? என் டிராக்டரைக் குட்டைக்குள்ள இறக்கினானே, அவனா?"

"அவரேதான்."

"இப்ப என்னவா இருக்கான்?"

"இயக்குநர்."

ஆர்வின் மூக்கால் ஒரு சத்தம் எழுப்பினார். அது சிரிப்பாகவும் இருக்கலாம். சைரன் நெருங்கியது, தகர ஓடுகள் அதிர்ந்தன. துப்பாக்கிப் பிடியை அவர் விரல்கள் சுற்றிக்கொள்வதைப் பார்த்தேன். "உள்ள வராம நான் பாத்துக்கிறேன், ஆர்வின். யாரும் வர மாட்டாங்க." சொல்லிவிட்டேன். லைலை நம்பித்தான் சொன்னேன் என்பது அப்புறம்தான் நினைவுக்கு வந்தது.

சாலை முனையில் பிரேக் கிறீச்சிட்டது. சைரன் ஒரு விக்கலோடு நின்றது. டுவேன் கத்துவது காற்றில் வந்தது: "வண்டியை எடுங்க லைல்!" லைலின் குரல், தங்க நூல் ஒன்றும் இல்லாமல், கீச்சென்று: "எடுக்க மாட்டேன்டா! என்மேல ஏத்திட்டுப் போ!"

வண்டி எதுவும் உள்ளே வரவில்லை.

இப்போதுதான் நேரம் என்று தோன்றியது. மூன்றாவது. குரலைத் தாழ்த்தி, அவசரமில்லாதவள் போல, "சிக்னி காபி போட்டு வச்சிருக்கா," என்றேன். "பேரீச்சம்பழ பாரும் இருக்கு. குடிச்சிட்டு அப்படியே டவுன் வரைக்கும் போய் வந்துடலாம். உங்களுக்கு ஒரு மாற்றமா இருக்கும். வாங்க ஆர்வின்."

அவர் என்னைப் பார்த்தார். கண்ணில் கனிவு இருந்தது. விருந்தாளியை வழியனுப்புகிறவரின் கனிவு.

"வேண்டாம் வெர்னா," என்றார். "நீ கிளம்பு."

மூன்று தடவை கேட்டாயிற்று. மூன்றாவது தடவை யாரும் மறுக்க மாட்டார்கள் என்றுதான் நான் லைலை மனதுக்குள் வழியெல்லாம் கேலி செய்துகொண்டு வந்தேன். அவரிடம் ஒரு கேள்வி இருந்தது, என்னிடம் மூன்று, அவ்வளவுதான் வித்தியாசம். இரண்டு பேரும் எண்ணிக்கையைத்தான் நம்பியிருக்கிறோம். நாலாவது தடவைக்கு என்னிடம் வார்த்தை இல்லை. பாட்டிலில் அடைத்து வைத்திருந்த பண்பெல்லாம் தீர்ந்துபோய், வெறும் பயம் மட்டும் மிச்சமிருந்தது.

நூலகத்தில் மாதம் ஒரு தடவை நான் தற்கொலைத் தடுப்பு வகுப்பு எடுக்கிறேன். திரையில் படம் காட்டி, சந்தேகம் வந்தால் நேராகக் கேளுங்கள், கேட்பதால் அந்த எண்ணம் வந்துவிடாது என்று அடித்துச் சொல்வேன். எல்லோரும் குறித்துக்கொள்வார்கள். வெளியே வந்தால் ஒருவரும் கேட்க மாட்டார்கள், நான் உட்பட. "அசட்டுத்தனமா ஒண்ணும் நினைக்கலையே?" என்று மெத்தை போட்டுத்தான் கேட்பேன். அவர்களும் "சே சே" என்று மெத்தையில் சாய்ந்துகொள்வார்கள்.

"ஆர்வின்," என்றேன். என் குரல் எனக்கே முரட்டுத்தனமாக இருந்தது. "நீங்க சுட்டுக்கப் போறீங்களா?"

 எங்கோ ஓட்டிலிருந்து பனி உருகிச் சொட்டிக்கொண்டிருந்தது. எங்கள் ஊரில் ஒருவரிடம் சம்பளம் எவ்வளவு என்று கேட்பதே அடிதடிக்குச் சமம். நான் கேட்டது அதைவிடப் பெரிய மரியாதைக் கேடு. எழுந்து வெளியே போகச் சொல்வார், அல்லது...

"ஆமா," என்றார் ஆர்வின்.

இந்த மாவட்டத்தில் இத்தனை வருடத்தில் எனக்குக் கிடைத்த முதல் நேரடிப் பதில் அது.

"காலையில இருந்து இங்கதான் உக்காந்திருக்கேன்," என்றார். "சாப்பிடப் போனேன். சிக்னி மீன் குழம்பு பண்ணியிருந்தா. நல்லா இருக்குன்னு சொன்னேன். இன்னும் கொஞ்சம் போட்டுக்குங்கன்னா. போட்டுக்கிட்டேன். திரும்பி வந்து உக்காந்துட்டேன். யாராவது கேப்பாங்களான்னு பாத்தேன். காலைலயே நம்ம பாதிரியார் வந்தாரு. மழையைப் பத்திப் பேசிட்டுப் போயிட்டாரு." என் பக்கம் திரும்பினார். "ஒருத்தரும் கேக்கல, வெர்னா."

"நான் கேக்கிறேன். இப்பவும் அப்படித்தான் தோணுதா?"

"தெரியல. சொன்னதுக்கு அப்புறம்... தெரியல."

"அந்தத் துப்பாக்கியைக் கீழ வையுங்க. குண்டை எடுத்துட்டு வையுங்க. எனக்குப் பயமா இருக்கு ஆர்வின். கால் நடுங்குது. தொட்டியைப் பிடிச்சுக்கிட்டு நிக்கிறேன்."

"அட, பாவமே," என்றார் அவர், தன்னிச்சையாக. மனுஷன் துக்கத்தின் நடுவிலும் உபசாரம் விடவில்லை. குண்டை எடுத்து மேல்சட்டைப் பையில் போட்டுக்கொள்ளப் போனார். கை பாதியில் நின்றது. அதையும் துப்பாக்கியையும் தரையில் வைத்து, காலால் என் பக்கம் தள்ளினார். சிமென்டில் அது சறுக்கி வந்த ஓசை இன்னும் என் பல்லில் கூசுகிறது. பிறகு இரண்டு கையாலும் முகத்தை மூடிக்கொண்டார். நான் தொட்டியை விட்டு வந்து பக்கத்தில் இன்னொரு வாளியைக் கவிழ்த்துப்போட்டு உட்கார்ந்தேன். எவ்வளவு நேரம் என்று தெரியாது.

சமையலறையில் எல்லோரும் கூடினோம். டுவேன் தொப்பியைக் கையில் பிடித்துக்கொண்டு, குற்றவாளி மாதிரி கதவோரம் நின்றான். அவனுக்கு ஞாயிற்றுக்கிழமைப் பள்ளியில் பாடம் எடுத்தவள் நான். அவனிடம் மெத்தை தேவையில்லை.

"டேய், அந்தத் துப்பாக்கியையும் வீட்டுக்குள்ள இருக்கிற மத்ததையும் எடுத்து உன் வண்டியில பூட்டு. ஆபீஸ்ல வையி."

"ரசீது எழுதணும் வெர்னா அக்கா..."

"அப்புறம் எழுது."

லைல் முழங்கால் வரை சேற்றில் இருந்தார். ஜாக்கெட்டின் தங்க எழுத்தில் பாதி மறைந்து, அவர் வெறும் "மாவட்ட நடத்தை"யாக நின்றார். அவர்தான் மேசையில் போனை வைத்து, மனநலப் பிரிவில் ஒரு படுக்கைக்காக ஒவ்வோர் ஊர் மருத்துவமனையாகக் கூப்பிட்டார். மூன்று மணி நேரத் தொலைவில் இருப்பதில் நாளை மறுநாள்தான் காலியாகும் என்றார்கள். எங்கள் சொந்த மருத்துவமனையில் மனநல ஆலோசகரைப் பார்க்க ஆறு வாரம் காத்திருக்க வேண்டும். "அனைவருக்கும் அருகிலேயே சிகிச்சை" என்று அந்த மருத்துவமனை வாசலில் பலகை திறந்து வைத்தவர் லைல். ஆறு வாரம் என்று போனில் கேட்டபோது அவர் காது மடல் சிவந்தது. "நான் யாருன்னு தெரியுமா?" என்று ஆரம்பித்தார். தெரியாது என்று அந்தப் பெண் மரியாதையாகச் சொன்னாள். அப்புறம் அவர் பதவியை எல்லாம் விட்டுவிட்டு, "அம்மா, இவரு எங்க பக்கத்துப் பண்ணைக்காரரு. தயவு பண்ணுங்க," என்று கெஞ்சினார். கடைசியில் டவுன் டாக்டரம்மா டேப்லெட் திரையில் வந்தார். ஆர்வினோடு தனியாக நிறைய நேரம் பேசினார். படுக்கை கிடைக்கும் வரை வீட்டில் ஆள் துணையோடு இருக்கலாம், மருந்தை டுவேன் வாங்கி வந்து தர வேண்டும், நாங்கள் தினமும் வந்து பார்க்க வேண்டும் என்று முடிவாயிற்று. சிக்னியின் தம்பி எரிக் வந்து, கூடத்து சோபாவில் தன் தலையணையைப் போட்டான்.

சிக்னி ஆர்வினின் தோளில் கை வைத்தபடியே நின்றாள். ஒரு தடவை மட்டும், "மீன் குழம்பு நிஜமாவே நல்லா இருந்துதா?" என்றாள். "உப்பு கம்மி," என்றார் ஆர்வின். அவள் அழ ஆரம்பித்தாள்.

விடைபெற வழக்கம்போல நெடுநேரம் ஆயிற்று. மேசையருகில் ஒரு தடவை, கதவருகில் ஒரு தடவை, படியில் ஒரு தடவை. வேனில் ஏறிக் கண்ணாடியை இறக்கினேன். ஆர்வின் செருப்போடு சேற்றில் இறங்கி வந்து, அந்த ஆள் உயர எழுத்தின்மேல் கையை ஊன்றிக்கொண்டு நின்றார்.

"நாளைக்கு இந்தப் பக்கம் உங்களுக்கு ஏதாவது வேலை இருக்கா?" என்று கேட்டார்.

அந்தச் சாலை அவர் பண்ணையோடு முடிகிறது. அதற்கப்புறம் சதுப்பு நிலம்.

"இந்தப் பக்கம் ஒரு வேலையும் இல்ல, ஆர்வின். உங்களைப் பாக்கத்தான் வரணும். எப்ப வரட்டும்?"

அவர் கொட்டகையைப் பார்த்தார். சொல்லலாமா என்று யோசிப்பது தெரிந்தது. சிரமம், வேறு யாருக்காவது, ஆயிரம் வேலை எல்லாம் அவர் தொண்டை வரை வந்து திரும்பிப் போயின.

"காலைல அஞ்சு மணி," என்றார். "கறக்கிற நேரம். அப்பதான் ரொம்ப மோசமா இருக்கு. வருவியா?"

எங்கள் நெருக்கடிக் குழுவின் வேலை நேரம் காலை எட்டு முதல் மாலை நாலரை வரை. அதற்கு வெளியே நெருக்கடிக்கு ஆளாகிறவர்கள் தகவலைப் பதிவு செய்து வைக்கலாம். விதியை எழுதியவர் என் பக்கத்து இருக்கையில் சேற்றோடு உட்கார்ந்திருந்தார். வாயைத் திறந்தார். நான் அவரைப் பார்த்தேன். மூடிக்கொண்டார்.

"வரேன்," என்றேன்.

"நானும் வரேன் ஆர்வின்," என்றார் லைல், என் தோளுக்கு மேலாக எட்டி. "எழுத்து இல்லாத வண்டியில."

"நீ டிராக்டர் பக்கம் மட்டும் போகாதே," என்றார் ஆர்வின். எழுத்திலிருந்து கையை எடுத்துவிட்டு, வீட்டைப் பார்த்து நடந்தார்.